கல்லைப் பிடித்த கை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் போன் பல நாளாக அணைந்தே கிடக்கிறது. அத்தான் போனும் அப்படித்தான். பில் கட்ட மறந்துவிட்டீர்களா, இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிட்டேன் என்று இன்னும் கோபமா? போகட்டும், கடிதமாவது உன் கைக்கு வந்து சேரட்டும்.

இங்கே கண்காட்சி திறந்துவிட்டார்கள். ஷூ கம்பெனி மதில்சுவரில் நான் வரைந்த படத்தை அப்படியே பெரிய துணியில் மறுபடி வரைந்து கொடுத்தேன். அதற்கென்று தனியாக ஓர் அறை, நடுவில் ஒரு பெஞ்ச். ஜனங்கள் வந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். வெளியிலிருந்து பூட்டிய கதவுக்குள் தையல் பிரிவுப் பெண்கள் கருகிப்போனது இவர்களுக்குத் தெரியாது. மறுநாள் நம் தெருவே திரண்டு கம்பெனி கேட்டைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போனதும் தெரியாது. ஆனால் படத்தின் முன்னால் நின்றதும் புரிந்துவிடுகிறது. துணியால் முகம் மூடிய கூட்டம், கூட்டத்தின் தலைக்கு மேல் கைகள், கைக்கு ஒரு ஒற்றை ஷூ. நேற்று ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

காட்சியகப் பொறுப்பாளர் அம்மா ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். "இந்த ஓவியம் இல்லாமல் அந்தப் போராட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. யார் நின்றார்கள், யார் பக்கத்தில் யார், யார் கையில் என்ன, எல்லாமே இதில் இருக்கிறது" என்று அதில் வருகிறது. என் பேட்டியும் ஒரு பத்திரிகையில் வந்திருக்கிறது, முழுப்பக்கப் போட்டோவோடு. நீ படிப்பதற்காக இரண்டையும் நம் மொழியில் எழுதி, பத்திரிகையோடு சேர்த்து உள்ளே வைத்திருக்கிறேன். போட்டோவில் உன் தம்பி எப்படி? மோவாயில் கை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.

ஓர் உதவி. படத்துக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைக்கப்போகிறார்கள். அதற்குள் நிஜமாகவே கருகிய ஷூ ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறார் பொறுப்பாளர் அம்மா. எப்போதும் தையலும் கையுமாக இருக்கிற நம் தெரு ஊசியின் தங்கை தீயில் போனபோது அவள் ஷூ ஒன்றை ஊசி எடுத்து வைத்திருந்தாளே, கேட்டுப் பாரேன். பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல். ஊசி எப்படி இருக்கிறாள்? என் பேரைச் சொன்னால் இன்னும் திட்டுகிறாளா?

அன்புத் தம்பி

பிப்ரவரி 26

தம்பிக்கு,

கடிதமும் பத்திரிகையும் வந்தன. எங்கள் போன் அணைந்து கிடக்கவில்லை. இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், கூடவே உன் அத்தானையும்.

கேட்டைப் பெயர்த்த அன்று எங்கிருந்தோ வந்த கல் பட்டு வாட்ச்மேனுக்கு ஒரு கண் போனது உனக்குத் தெரியும். எறிந்தது யார் என்று இத்தனை மாதமாக யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் முகத்தை மூடியிருந்தார்கள், எல்லாரும் வாயையும் மூடிக்கொண்டார்கள். இப்போது தெரிந்துவிட்டதாம். வீட்டுக்குள் வந்த போலீஸ்காரர் பீரோவைத் திறக்கவில்லை, பாயைப் புரட்டவில்லை. நேராகக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையைப் போய் எடுத்தார். இன்னொரு கையில் உன் சுவர்ப் படத்தின் போட்டோ. முழங்கை கிழிந்த இடத்தில், கம்பெனியில் மிஞ்சிய பச்சைத் தோலை வைத்து நான் ஒட்டுப் போட்டிருந்தேனே, அதையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். "தையலக்கூட விடாம வரைஞ்சிருக்கான்யா" என்றார். உனக்குப் பாராட்டுப் பிடிக்குமே என்று எழுதுகிறேன்.

படத்தின் மூலையில் அந்தச் சட்டையோடு நிற்கிற ஆள் கையில் கல்லைக் கொடுத்திருக்கிறாய். உன் அத்தான் அன்றைக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தது தண்ணீர் கேன். நீயும் முதலில் கேனைத்தான் வரைந்தாய். சாப்பாடு கொண்டுவந்தபோது நான் பார்த்தேன். மறுநாள் பார்த்தால் கேன் இருந்த இடத்தில் வெள்ளை அடித்திருந்தது. "இந்த மூலையில கனம் பத்தலக்கா, கண்ணு அங்க போய் நிக்க மாட்டேங்குது" என்றாய். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவளுக்குப் படத்தின் கனம் பற்றி என்ன தெரியும்? சரிடா என்றேன். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் கல்லைப் பிடித்துக்கொண்டு நீ நின்றதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

இப்போது கண்ணெல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது.

எனக்கு ஒரே ஒரு வரி வேண்டும். "கல் நான் கற்பனையாகச் சேர்த்தது" என்று எழுதி, அங்கே இருக்கும் நம் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடு. அது வந்தால் ஜாமீன் கேட்கலாம் என்கிறார் வக்கீல்.

என்னோடு வேலை செய்கிறவள் தன் போனிலிருந்து உன்னிடம் பேசச் சொன்னாள். வேண்டாம் என்றேன். பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் பழையபடி உனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

ஊசியிடம் ஷூவைக் கேட்கவில்லை. அவள் தினமும் என் கூட வந்து படுத்துக்கொள்கிறாள். அவளிடம் போய் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அத்தானைப் போய் யாராவது, அவர் ஒரு பூச்சியைக்கூட அடிக்க மாட்டாரே.

ஆனால் அக்கா, நிதானமாக யோசி. படம் சாட்சி இல்லை. இதை உன் வக்கீல் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல வேண்டும். ஓவியம் என்பது ஒரு கூட்டத்தின் கோபத்தைப் புரியவைப்பது, அவ்வளவுதான். அதில் கல் என்றால் நிஜக் கல் இல்லை, அது எல்லாருடைய கோபம். இதைச் சொல்ல என் கையெழுத்து எதற்கு? படித்த நீதிபதிக்குப் புரியாதா?

அந்த மூலையை நான் எப்போது எப்படி வரைந்தேன் என்பதும் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. அவசரத்தில் வரைந்தது. நினைவில்லாததைக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது தப்பு, இல்லையா?

இன்னொன்றும் இருக்கிறது, கோபப்படாமல் கேள். பேட்டியில் நான் சொன்னதைப் படித்திருப்பாய். "இதில் ஒரு கோடுகூடக் கற்பனை இல்லை, எல்லாம் கண்ணால் கண்டது" என்று. அதை நம்பித்தான் இத்தனை பேர் வருகிறார்கள். கல் பொய் என்று இன்று நான் எழுதினால், நாளைக்குக் கம்பெனிக்காரன் என்ன சொல்வான்? பூட்டிய கதவும் பொய், தீயும் பொய், கருகிய பெண்களும் பொய் என்பான். ஒரு கோட்டை அழித்தால் படமே அழியும். இது என் சொந்த விஷயம் இல்லை அக்கா, போராட்டத்தின் விஷயம்.

பொறுப்பாளர் அம்மாவிடமும் சொன்னேன். அவர் ரொம்ப வருத்தப்பட்டார். அத்தானுக்காக அந்த அறையில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

மௌனமாக நின்றார்களா? சந்தோஷம். நீயும் அவர்களோடு சேர்ந்து மௌனமாகவே இரு, உனக்கு அதுதான் நன்றாக வருகிறது.

நீ சொன்னதையெல்லாம் வக்கீல் சொல்லிப் பார்த்தார். கல் என்றால் கல் இல்லை, கோபம் என்றார். அரசு வக்கீல் எழுந்து, "கோபம் பட்டா வாட்ச்மேனுக்குக் கண்ணு போச்சு?" என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. உன் அத்தானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கூண்டில் நின்றார். எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காவிட்டால் மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்.

பிறகு அந்த அரசு வக்கீல் உன் பேட்டியைப் படித்தார். ஒரு கோடுகூடக் கற்பனை இல்லை, எல்லாம் கண்ணால் கண்டது. அடுத்து உன் பொறுப்பாளர் அம்மாவின் கட்டுரை. யார் நின்றார்கள், யார் பக்கத்தில் யார், யார் கையில் என்ன. "வெளிநாட்டு நிபுணர்களே சொல்றாங்க, இந்தப் படத்தை வெச்சுத்தான் போராட்டத்தைப் புரிஞ்சுக்க முடியும்னு. நாங்களும் புரிஞ்சுக்கிட்டோம்" என்றார். என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். கேனை அழித்துக் கல் வரைந்ததைச் சொன்னேன். "பொண்டாட்டி வேற எப்படிம்மா சொல்வா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். உன் அத்தானுக்குப் பழக்கம் வலது கை, படத்தில் இருப்பது இடது கை என்று வக்கீல் சொன்னதற்கு, கல் எறியப் பரீட்சையா எழுத வேண்டும் என்று கேட்டார் நீதிபதி.

உன் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இப்போது வழக்குச் சொத்து. வெயில் மழை படாமல் மேலே தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். ஷிப்ட் போட்டுப் போலீஸ் காவல். இரண்டு பக்கமும் தீயணைக்கிற சிவப்பு உருளை மாட்டியிருக்கிறார்கள். அந்த உருளையில் ஒன்றை அன்றைக்குத் தையல் பிரிவில் மாட்டியிருந்தால் நீ படமே வரைந்திருக்க வேண்டாம். முதலாளி ஜாமீனில் வந்து புது மெஷின் இறக்குகிறான். தீ வழக்கைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. எல்லாரும் கல்லைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

தண்ணீர் பிடிக்கிற வரிசையில் வாட்ச்மேன் பெண்டாட்டி என் முகத்தைப் பார்க்காமல் நிற்கிறாள். ஊசிதான் என் குடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வருகிறாள். விரலுக்கு விரல் பிளாஸ்திரி ஒட்டிய அந்தக் கையோடு எனக்குச் சோறும் வடித்துப் போடுகிறாள். உன்னை இப்போதெல்லாம் அவள் திட்டுவதில்லை. "என் மூஞ்சி மட்டும் வேண்டாம், மத்ததெல்லாம் உன் இஷ்டம்னு நான்தானே சொன்னேன்" என்கிறாள்.

ஜெயிலில் உன் அத்தானைப் பார்த்தேன். கீழ் வரிசையில் இரண்டு பல் இல்லை. வழுக்கி விழுந்தேன் என்றார். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பொய் சொல்ல அவருக்கு எப்போது வந்திருக்கிறது?

இன்னொரு தடவை கேட்கிறேன். இனிமேல் கேட்க மாட்டேன். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுடா.

அக்கா

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

அத்தான் பல்லைப் பற்றிப் படித்தபோது என்னால் உட்கார முடியவில்லை. ஆனாலும் மறுபடி மறுபடி நீ என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? நானா அத்தானைப் பிடித்துக் கொடுத்தேன்? எல்லாரும் முகத்தை மூடு என்றார்கள், மூடினேன். சொன்ன சொல்லை மீறினேனா? முகத்தை மூடத் தெரிந்த மனுஷனுக்கு அந்த ஒட்டுப் போட்ட சட்டையை அன்றைக்கு மாற்றிக்கொண்டு வரத் தெரியவில்லையே. ஊரில் வேறு யாராவது முழங்கையில் பச்சைத் தோலை ஒட்டிக்கொண்டு திரிகிறார்களா? இதை நான் சொல்லக் கூடாது. ஆனால் யாராவது சொல்ல வேண்டும்.

என் வேலையை நீ எப்போதுமே வேலையாக மதித்ததில்லை. சின்ன வயதில் நான் வரைந்த தாளை எடுத்து அடுப்பு பற்ற வைத்தவள்தானே நீ.

அடுத்த மாதம் இந்தப் படத்துக்குப் பரிசு அறிவிக்கப் போகிறார்கள். இந்தச் சமயத்தில் நான் எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று இங்கிருப்பவர்கள் சொல்கிறார்கள். பரிசு வந்த பிறகு என் வார்த்தைக்கு இன்னும் மதிப்பு கூடும், அப்போது அத்தானுக்காகப் பெரிதாக ஏதாவது செய்யலாம். கொஞ்சம் பொறு.

தம்பி

மே 2

ஓவியருக்கு,

பொறுக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் பத்திரிகையை அடுப்பில் போடப் போனேன். அடுப்பு பற்ற வைக்கிறவள் என்றுதானே எழுதினாய். உன் போட்டோ மேலே தெரிந்தது. மோவாயில் கை வைத்துக்கொண்டு, உலகத்துத் துக்கத்தையெல்லாம் நீ ஒருவனே சுமக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாய். இடது கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், பிறை மாதிரி வளைந்த தழும்பு. அதைப் போட்டவள் நான்தான். பென்சில் சீவுகிற பிளேடுக்குச் சண்டை போட்டோம். வெட்டுப்பட்டது உனக்கு, ஆனால் பெரிதாக அழுதது நான். அதனால் அப்பாவிடம் அடி வாங்கியதும் நீதான்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனேன். காவலில் நின்ற போலீஸ்காரர், "கிட்டப் போகாதம்மா, தொடாதம்மா" என்றார். தொடவில்லை, பார்த்தேன். மற்ற கைகளையெல்லாம் நீ போராட்டத்தில் பார்த்து வரைந்தாய். கல் பிடித்த கைக்கு ஆள் இல்லை. எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் உன் இடது கையில் கல்லைப் பிடித்து நின்று பார்த்துவிட்டு, அந்தக் கையையே நேராகப் பார்த்துத்தான் வரைந்தாய். கண்ணில் பட்டதை விட மாட்டாய் நீ. தழும்பையும் விடவில்லை.

பத்திரிகையை வக்கீலிடம் கொடுத்தேன். நீதிபதி பூதக்கண்ணாடி கேட்டார். சுவர்ப் படத்தையும் உன் முழுப்பக்கப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்கள். "அது என் புருஷன் கை இல்லீங்க, என் தம்பி கை" என்றேன். அரசு வக்கீல் இந்தத் தடவை சிரிக்கவில்லை. தம்பியைக் காட்டிக்கொடுக்கிற அக்காவை யாரும் சந்தேகப்படுவதில்லை போலிருக்கிறது.

உனக்குக் கோர்ட்டிலிருந்து கேள்வி வரும். இரண்டே வழி. படம் பொய் என்று சொன்னால் உன் அத்தான் வெளியே வருவார். படம் நிஜம் என்று சொன்னால் கல் எறிந்தவன் நீ, அப்போதும் அவர் வெளியே வருவார். எதைச் சொன்னாலும் எனக்குச் சரி. உன்னை இந்த மூலையில் கொண்டுவந்து நிறுத்த எனக்கு மனசு வலிக்கும் என்று நினைத்தேன். வலிக்கவில்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

உன் அக்காவாக இருந்தவள்

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். ஆனால் நான் தோற்கவில்லை.

பரிசு கொடுத்த மேடையில், மைக் முன்னால் என் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். "கல் என் கையில்தான் இருந்தது" என்றேன். அரங்கம் அப்படியே எழுந்து நின்றது அக்கா. பொறுப்பாளர் அம்மா மேடைக்கு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். இது வெறும் ஓவியம் இல்லை, கலந்துகொண்டவனின் வாக்குமூலம் என்று மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. காட்சியக வாசலில் இப்போது தெருமுனை வரை வரிசை நிற்கிறது.

எறிந்தேனா இல்லையா என்று நீயும் நானும் பேச வேண்டாம். படம் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக என்னையே கொடுத்துவிட்டேன். தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்: "படத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் உண்மை. நான் நேரில் கண்டது. மூலையில் உள்ள உடல் மட்டும் அத்தானுடையது, கல்லும் கையும் என்னுடையவை." நீ கேட்டது ஒரு வரி, நான் மூன்று வரி கொடுத்திருக்கிறேன்.

இனி நான் ஊர் திரும்ப முடியாது. இந்த நாட்டிலேயே அடைக்கலம் தருகிறார்கள். அத்தானுக்காக நான் ஊரையே விட்டுக்கொடுத்தேன் என்பதை ஒரு நாள் நீ புரிந்துகொள்வாய். அவர் வெளியே வந்ததும் என் சார்பில் கையைப் பிடித்துக்கொள். ஊசியிடமும் விஷயத்தைச் சொல். இப்போதாவது என்னைப் பற்றி நல்லதாக நினைப்பாள்.

பி.கு.: கண்ணாடிப் பெட்டி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

உன் அத்தான் வெளியே வந்துவிட்டார். பெரிய ஆள்தான் நீ.

அவர் வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, இன்ஸ்பெக்டர் தெருவுக்குள் வந்தார். கையில் உன் மூன்று வரி. இத்தனை நாளும் கேட்டைப் பெயர்த்தவர்கள் யார் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. எல்லாம் மூடிய முகம், ஓவியன் இஷ்டத்துக்கு வரைந்திருப்பான் என்று வக்கீல் வாதாடிக்கொண்டிருந்தார். இப்போது கூடவே நின்று கல் எறிந்தவனே கையெழுத்துப் போட்டுவிட்டான், ஒவ்வொரு கோடும் உண்மை என்று. சுவர்ப் படத்தின் பெரிய போட்டோவைச் சுருட்டி வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். வளைந்த சுண்டுவிரலை வைத்துத் தோல் பதனிடுகிறவரைப் பிடித்தார்கள். நரம்பு புடைத்த காலை வைத்துப் பேக்கிங் அம்மாவைப் பிடித்தார்கள். உடைந்த கடிகாரப் பட்டையை வைத்து லாரி டிரைவரை. முகத்தைத் தவிர எதையும் நீ விட்டுவைக்கவில்லையே.

ஊசியை என் வீட்டு வாசலில் வைத்துத்தான் பிடித்தார்கள். குடத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பெண் போலீஸ் அவள் கையைத் திருப்பி, பிளாஸ்திரி ஒட்டிய விரல்களைப் படத்தோடு வைத்துப் பார்த்தாள். ஊசி திமிறவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, அவன் எழுதிக் கொடுத்ததுல உங்க பங்கு எதுவும் இல்லையே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தழும்பைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவள் நான்தானே. உன்னைத்தான் கூண்டில் மாட்டுகிறேன் என்று நினைத்தேன். உனக்குப் படம்தான் பெரிது என்று தெரிந்திருந்தும், மற்றவர்களை யோசிக்காமல் விட்டேன்.

உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை. முதல் நாள் மட்டும் ஒன்று சொன்னார்: "நான் உள்ளயே இருந்திருந்தா ஒருத்தனோட போயிருக்கும். யார் உன்னை இவ்வளவு மூளையைக் கசக்கச் சொன்னது?" அந்தச் சட்டையைக் கோர்ட்டிலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள். ஒட்டைப் பிரித்து எடுத்துவிட்டு, கிழிசலோடு போட்டுக்கொண்டு தினமும் ஸ்டேஷன் வாசலில் போய் உட்காருகிறார். தன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவர்களை விடச் சொல்லிக் கேட்கிறாராம். போலீஸ்காரர்கள் அவரை டீ வாங்கிவர அனுப்புகிறார்கள்.

தெருவில் யாரும் எனக்குத் தண்ணீர் வரிசையில் இடம் விடுவதில்லை. வாட்ச்மேன் பெண்டாட்டி ஒருத்திதான் இப்போது என்னோடு பேசுகிறாள். அவளுக்கு என்மேல் ரொம்பப் பிரியம் வந்துவிட்டது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் இருக்கும். உன் கண்ணாடிப் பெட்டிக்கு. கருகிய ஷூ இல்லை, அது ஊசி வீட்டுக்குள் இருக்கிறது, வீட்டுக்குப் போலீஸ் பூட்டுப் போட்டிருக்கிறது. இது ஊசியின் செருப்பு, இடது கால். இழுத்துக்கொண்டு போகும்போது என் வாசற்படியில் கழன்று விழுந்தது. வார் அறுந்து அவளே தைத்திருக்கிறாள், தையலைப் பார், ஒன்றுகூடக் கோணல் இல்லை. பெட்டிக்கு அடியில் என்ன எழுதி வைப்பது என்று உன் பொறுப்பாளர் அம்மாவைக் கேள். அவருக்குத்தான் எல்லாம் புரியும்.

வலது கால் செருப்போடுதான் அவள் வேனில் ஏறினாள். என்றைக்காவது அந்த ஒற்றைச் செருப்போடு நடந்து வந்து என் வாசலில் நின்று இன்னொன்றைக் கேட்டால், என் தம்பி ஆசையாகக் கேட்டான், கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா